வசந்தகுமாரை அனுப்பிய நாள்

புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டி கும்மிடிப்பூண்டிக்குப் போகிற வழியில் இருக்கிற கம்பெனிகளில் ஒன்று நாற்காலி செய்கிறது. கல்யாண மண்டபத்திலும் சாவு வீட்டிலும் வரிசையாகப் போடுகிறார்களே, கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான். குருணையாக உள்ளே போகிற பிளாஸ்டிக் உருகி, அச்சுக்குள் பாய்ந்து, நாலு காலும் முதுகுமாக வெளியே வரும்போது தூங்குகிற குழந்தையின் முதுகுபோல வெதுவெதுவென்றிருக்கும். அங்கே மேனேஜராக இருந்த ஜோஷ்வாவுக்கு அந்தச் சூடு பிடிக்கும். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும், அப்போதுதான் வெளியே வந்த நாற்காலி ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். அதற்கப்புறம்தான் அவனுக்கு வேலை தொடங்கும்.

அந்த ஷெட் நிற்கிற இடம் ஒரு காலத்தில் பரசுராமன் என்பவருடைய நெல் வயல். அவர் குடும்பத்தை ஊரில் பெரிய ஊடு என்பார்கள். ஜோஷ்வாவின் அம்மா மேரி அந்த வயலில் நாற்று நட்டவள். அப்பா சின்னதுரை அதற்குத் தண்ணி கட்டியவர். பெரிய ஊட்டு வாசலில் அவர்களை யாரும் உட்காரச் சொன்னதில்லை, நின்றபடியே கூலி வாங்கிப் போவார்கள். நிலத்தை விற்றபோது, கம்பெனி ஓடுகிற வரைக்கும் உங்கள் வீட்டு ஆள் ஒருவருக்கு வேலை உண்டு என்று பழைய முதலாளி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அப்படி வந்தவர்தான் பரசுராமனின் மகன் வசந்தகுமார். ஜோஷ்வா காலனிப் பள்ளிக்கூடத்தில் படித்து, கிண்டியில் பிளாஸ்டிக் டிப்ளமா முடித்து, பயிற்சி ஆளாகச் சேர்ந்து, படிப்படியாக மேனேஜர் ஆனான். வசந்தகுமார் அவனுக்குக் கீழே ஷிப்ட் இன்சார்ஜ். காலம் இப்படித் திரும்பியதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் யாருக்கும் அது பழகவும் இல்லை.

வசந்தகுமார் ஜோஷ்வாவை விடச் சில வயது பெரியவர். அவர் ஜோஷ்வாவை நீ என்றும் கூப்பிட்டதில்லை, நீங்க என்றும் கூப்பிட்டதில்லை. சார் என்ற சொல்லும் அவர் வாயில் வந்ததில்லை. "லோடு ரெடி." "சாவி எங்க இருக்குது?" "நாளைக்கு லீவு வேணும்." இப்படி ஆள் இல்லாத வாக்கியங்களாகவே பேசி வருஷங்களை ஓட்டிவிட்டார். ஜோஷ்வாவும் பதிலை அதே மாதிரி சொல்லப் பழகிக்கொண்டான்.

வசந்தகுமார் கெட்ட ஆள் இல்லை. குடிக்க மாட்டார், திருட மாட்டார், யாரையும் அதட்ட மாட்டார். நேரத்துக்கு வருவார். வந்து நிற்பார். அதுதான் பிரச்சினை. மெஷின் முன்னால் நின்றால் நின்றபடியே எங்கோ போய்விடுவார். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். சிவப்புக் குருணை கொட்ட வேண்டிய இடத்தில் பச்சையைக் கொட்டச் சொல்லிவிடுவார். வண்டி வந்து காத்திருக்கும், சரக்கு கட்டப்படாமல் கிடக்கும். ஜோஷ்வா அவரை லோடிங் பக்கம் மாற்றிப் பார்த்தான். ஸ்டோருக்கு மாற்றினான். பக்கத்தில் நின்று சொல்லிக்கூடக் கொடுத்தான். வசந்தகுமார் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் அதே மாதிரி நிற்பார். கடைசியில் திரும்ப மெஷின் பக்கமே கொண்டுவந்து விட்டான்.

அனுப்பிவிட வேண்டியதுதான் என்று ஜோஷ்வாவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனால் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கெடுத்தது. அன்றைக்குச் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, ஃபேனுக்கு அடியில் கண்ணயர்ந்தான். கனவில் அவன் தன் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்தான். செத்துப்போன பரசுராமன் வாசலில் நின்றார், தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. உள்ளே வாங்க என்று ஜோஷ்வா சொல்லவில்லை. உட்காருங்க என்றும் சொல்லவில்லை. வெளியே நாற்று நட்ட வயல் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. பரசுராமன் நின்றுகொண்டே இருந்தார். ஜோஷ்வா பார்த்துக்கொண்டே இருந்தான்.

விழித்தபோது அவன் வாயெல்லாம் இனித்தது. வெல்லம் தின்ற மாதிரி. எழுந்து போய்க் கொப்பளித்தும் அந்த இனிப்பு போகவில்லை. தனக்குள் இப்படி ஒன்று இருக்கிறதா என்று பயந்துபோனான். வசந்தகுமாரை அனுப்பினால் அது வேலைக்காக அனுப்புவதா, இந்த இனிப்புக்காக அனுப்புவதா? அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரித்துச் சொல்ல முடியாத வரைக்கும் செய்யக்கூடாது என்று தள்ளிப்போட்டான். அதை நியாயம் என்றே நினைத்துக்கொண்டான்.

அந்த நியாயத்தின் செலவை வேறு ஆட்கள் சுமந்தார்கள். வசந்தகுமார் மறந்ததையெல்லாம் அவர் ஷிப்டில் இருந்த பெண்கள் சத்தமில்லாமல் செய்து வந்தார்கள். அவர்களில் செண்பகம் மெஷினில் நாற்காலி எடுத்துப் பிசிறு அறுக்கிறவள். அவள் மெஷினின் முன்கதவைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அந்த சுவிட்ச் சில நாளாகச் சரியாகப் பிடிக்கவில்லை. வசந்தகுமாரிடம் சொன்னாள். ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணச் சொல்றேன் என்றார். மறந்துவிட்டார். ஒரு மத்தியானம் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிய செண்பகம், அச்சு அசைவதைப் பார்த்துக் கையைப் படக்கென்று இழுத்தபோது, சூடான இரும்பில் மணிக்கட்டு பட்டு வெந்துபோனது.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு நேராக ஜோஷ்வாவின் ரூமுக்கு வந்தாள்.

"இன்னா சார் நெனச்சிகினு இருக்கீங்க?"

"இன்னிக்கே சுவிட்ச மாத்தச் சொல்லிட்டேன் செண்பகம்."

"சுவிட்ச கேக்கல. அந்த மனுசன கேக்கறேன். அவரு மேல எனக்குக் கோவம் இல்ல சார். அவரு அப்படித்தான். ஒங்களுக்குத் தெரியுதில்ல? தெரிஞ்சிகினே எங்கள அவருகிட்ட உட்டு வெச்சிருக்கீங்களே, அதுக்குத்தான் கோவம்." வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். "கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தா கையே போயிருக்கும். அப்பவும் யோசிச்சிகினு இருந்திருப்பீங்களா?"

அன்று சாயங்காலமே ஜோஷ்வா முதலாளிக்குப் போன் பண்ணினான். இப்போது கம்பெனியைப் பார்ப்பது பழைய முதலாளியின் மகன். மெட்ராஸில் இருப்பவர்.

"எங்கப்பா குடுத்த வாக்கு எனக்குத் தெரியும் ஜோஷ்வா," என்றார் அவர். "ஆனா அங்க நிக்கிறவர் நீங்க. வெச்சிக்கணும்னா வெச்சிக்குங்க. அனுப்பணும்னா அனுப்புங்க. ரெண்டுக்கும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

முதலாளி சொல்லிட்டாரு என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருக்கும் என்று ஜோஷ்வா நம்பியிருந்தான். அந்தக் கதவும் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அதற்குள் கார்த்திகை மாசத்து மழை வந்துவிட்டது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்கே, வெளி மைதானத்தில் அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லி வசந்தகுமாரிடம் சொன்னான் ஜோஷ்வா. "சரி, கட்டிடலாம்," என்றார் அவர். பிறகு ஷெட் வாசலில் நின்று மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்ட காலையில் ஊர் ஏரி நிரம்பிக் கோடி போய், கலங்கல் வழியே வழிந்த உபரித் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடி வந்திருந்தது. கம்பெனியின் பின்பக்கச் சுவர் ஓரிடத்தில் விழுந்து கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்த ஜோஷ்வா, விழுந்த சுவரின் இடைவெளியில் போய் நின்றான். நின்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

சுவருக்கு அந்தப்பக்கம் பரசுராமனின் வயலில் மிச்சம் இருந்த பகுதி, யாரோ வாங்கி ஒன்றும் கட்டாமல் போட்டு வைத்திருந்த நிலம். அது ஏரியோடு ஏரியாக ஒரே தண்ணீர். காற்று துளியும் இல்லை. வானம் மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. நடுவில் நாற்காலிகள். சிவப்பு, நீலம், பச்சை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். மல்லாந்து மிதந்தவை, ஒருக்களித்துச் சுழன்றவை, அடுக்கோடு சாய்ந்து போய்க்கொண்டிருந்தவை. மேடான இடங்களில் தட்டி நின்றவை மட்டும் நேராக, விருந்துக்கு ஆள் வரும் என்று போட்டு வைத்த மாதிரி நின்றன. ஏதோ ஒரு கல்யாணத்துக்கு ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது, ஊர் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று தோன்றியது அவனுக்கு.

பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். வசந்தகுமார். கையில் கயிற்றுச் சுருள்.

"கட்டல," என்றார். "மறந்துடுச்சு."

உள்ளே வந்திருந்த நாலைந்து பேர் குருணை மூட்டைகளைத் தண்ணீர் ஏறாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வேறு ஆள் இல்லை. ஜோஷ்வா பேன்டை மடித்துக்கொண்டு இறங்கினான். வசந்தகுமாரும் இறங்கினார்.

தண்ணீர் இடுப்பளவு வந்தது, வெளியே இருந்த குளிருக்கு அது வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. எட்டிய நாற்காலிகளைப் பிடித்து, அவற்றின் கைகளுக்குள் கயிறு கோத்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி இழுத்தார்கள். இழுக்க இழுக்க அவை பின்னாலேயே சாதுவாக வந்தன. கொஞ்ச தூரம் போனதும் வசந்தகுமார் தடுமாறி முன்னால் விழப்போனார். ஜோஷ்வா எட்டி அவர் கையைப் பிடித்தான். அந்தக் கையை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பாத்து. இங்க வரப்பு இருக்குது. மேல ஏறி நில்லுங்க."

"வரப்பா? இங்கயா?"

"ஆமா. இப்படியே வடக்கால போவும்."

சின்ன வயதில் அம்மாவுக்குக் கஞ்சி எடுத்து வந்த வரப்பு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காலுக்குத் தெரிந்தது. வசந்தகுமார் அதன் மேல் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தார்.

"இங்க நான் எறங்குனதே இல்ல," என்றார். "நைனா உடமாட்டாரு. சேத்துல எறங்கறது நம்ம வேல இல்லம்பாரு. ரோட்டு மேலேயே நின்னு பாத்துட்டுப் போயிடுவோம்."

தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி, யாரையும் நோகடிக்காத குரலில் சொன்னார். தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் ஊர்ந்தன. சத்தம் மட்டும் வந்து சேரவில்லை. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று ஜோஷ்வாவுக்குத் தெரிந்தது. ரூமில், மேசைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக உட்கார்ந்து சொல்ல வேண்டிய வார்த்தைகளை அவன் எத்தனையோ விதமாகத் தயார் பண்ணி வைத்திருந்தான். அதில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"வசந்தகுமார்."

அவர் திரும்பினார்.

"இந்த மாசத்தோட நீங்க வேலைய உட்டுடணும். மொதலாளி சொல்லல. நான்தான் முடிவு பண்ணேன். வேல சரியா நடக்கல, ஒரு பொண்ணு கை வெந்துபோச்சு. இதுக்கு மேல வெச்சிகினு இருக்க முடியாது."

வசந்தகுமார் கையிலிருந்த முடிச்சை முடித்தார். இன்னொரு நாற்காலியைப் பிடித்து இழுத்தார்.

"இத்த முடிச்சிட்டுப் பேசலாமா?"

"பேசலாம்."

ரொம்ப நேரம் வேலை செய்தார்கள். நீர்க்கோழி ஒன்று ஒரு சிவப்பு நாற்காலியின் முதுகில் ஏறி உட்கார்ந்து, அவர்கள் கிட்டே போனதும் மனசில்லாமல் பறந்தது. நாற்காலிகள் பெரிய கும்பலாகச் சேர்ந்ததும் வசந்தகுமார் வரப்பின் மேல் நின்றார்.

"ஊர்ல கேப்பாங்க."

"கேப்பாங்க."

"என் பொண்ணு கேக்கும். இளமதி. காலேஜ் போய்க்கினு இருக்குது. ஒங்கப்பனுக்கு வேல தெரியல, அனுப்பிட்டாங்கன்னு அது மூஞ்சப் பாத்து சொல்ல முடியாது." கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "ஒண்ணு கேக்கட்டுமா? நீ பழி வாங்கிட்டன்னு சொல்லிக்கட்டுமா? பழைய கதைய மனசுல வெச்சிகினு அனுப்பிட்டான்னு சொன்னா ஊரு நம்பும். எனக்கும் மானம் போவாது."

பக்கத்து வீட்டில் ஒரு ஏணி கேட்கிற மாதிரிதான் கேட்டார். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து வந்த அந்த நீ, கோபமாகவும் இல்லை, ஏளனமாகவும் இல்லை. வெறும் நீயாக இருந்தது.

சரி என்று சொல்லிவிட ஜோஷ்வாவுக்கு ஆசையாக இருந்தது. சொல்லிவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை இனிப்புக்குத் தண்டனை வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் தண்டனை அவனோடு நிற்காது.

"வேணாம்," என்றான். "அப்படிச் சொல்லாதீங்க. எங்கம்மா ஒங்க தெருவு வழியாத்தான் கடைக்குப் போவுது. காலனியில பசங்க இருக்காங்க, ஒங்க பக்கமும் பசங்க இருக்காங்க. அந்த வார்த்த எங்க போய் நிக்கும்னு ஒங்களுக்கே தெரியும்."

வசந்தகுமார் விலகிப் போன ஒரு நாற்காலியை எட்டிப் பிடித்தார்.

"தெரியும்," என்றார். "கேட்டிருக்கக் கூடாது."

"ஒங்கள நான் எப்பவோ அனுப்பியிருக்கணும். அனுப்புனா எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்குமோன்னு பயந்துகினு இருந்தேன். அதுலதான் செண்பகம் கை வெந்துச்சு."

வசந்தகுமார் அவனை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நாள் கழித்து ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இப்ப சந்தோஷமா இருக்குதா?"

ஜோஷ்வா உள்ளே தேடிப் பார்த்தான்.

"தெரியல. குளிருது."

வசந்தகுமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். "எனக்கு இந்த வேல வரவே இல்ல. அந்த மெஷின் தொறக்கறப்ப ஒரு பெருமூச்சு உடும் பாரு, அத்த கேட்டுகினு நின்னா எங்கயோ இழுத்துகினு போயிடும். யாராச்சும் தோளத் தொட்டாத்தான் திரும்பி வருவேன். யாருக்காச்சும் சொல்லணும்னு இருக்கும். யாருகிட்ட சொல்றது? எங்க ஊட்ல சொன்னா சிரிப்பாங்க. இங்க சொன்னா வேல போவும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"ஒங்கிட்ட எப்படி சொல்றது?" என்றார் வசந்தகுமார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலிக் கும்பலை இழுத்தபடி சுவர்ப்பக்கம் நடந்தார்கள்.

மாசக் கடைசியில் அவர் போய்விட்டார். சட்டப்படி வரவேண்டியதெல்லாம் குறைவில்லாமல் வந்து சேர ஜோஷ்வா அலைந்தான். பழைய முதலாளியின் வாக்கு ஒரு ஆளுக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு என்று மகன் முதலாளியிடம் வாதாடி, இளமதி படிப்பு முடித்ததும் விருப்பம் இருந்தால், தகுதியும் இருந்தால், வரலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தான். அதைச் சொன்னபோது வசந்தகுமார் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். "அது வேற எங்கனா போவட்டும். இந்த எடத்துலயே நாங்க சுத்திகினு இருந்தது போதும்."

அந்த ஷிப்டுக்குச் செண்பகத்தை இன்சார்ஜ் ஆக்கினான். அவள் நன்றி சொல்லவில்லை. "அப்பவே செஞ்சிருக்கலாம் சார்," என்றுவிட்டு மெஷினைப் பார்க்கப் போய்விட்டாள். நல்ல கண்டிப்பு. கொஞ்சம் அதிகமாகவே கண்டிப்பு என்று இரண்டு பெண்கள் வந்து அவனிடம் புகார் சொன்னார்கள்.

வசந்தகுமார் எளாவூர் செக்போஸ்டுக்குப் பக்கத்தில், சொந்தக்காரர் ஒருவரின் லாரி நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி. லாரி வந்தால் சங்கிலியை அவிழ்த்து விடவேண்டும், போனால் மாட்ட வேண்டும். சில சமயம் அவிழ்க்க மறந்து நின்றுவிடுவாராம், வடநாட்டு லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து எழுப்புவார்களாம். அங்கே அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. பழி என்ற வார்த்தையை அவர் எங்கும் சொல்லவில்லை. வேல வரல, உட்டுட்டு வந்துட்டேன் என்று மகளிடம் சொன்னதாகத்தான் காற்றுவாக்கில் வந்தது. அவர் சொல்லாவிட்டாலும் ஊரில் சிலர் தாங்களாகவே அந்தக் கதையைக் கட்டிக்கொண்டார்கள். வசந்தகுமாரின் காதுபடப் பேசியபோது அவர் எழுந்து போய்விட்டாராம். அதனால் பேச்சு பெரிதாகாமலும், தீராமலும், அங்கங்கே புகைந்துகொண்டிருந்தது.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை அந்தப் புகை மேரியின் காதுக்கும் போனது. கடையிலிருந்து பையோடு வந்தவள், வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்த மகன் முன்னால் நின்றாள்.

"பெரிய ஊட்டுப் புள்ளைய நீதான் அனுப்புனியாமே?"

"ஆமாம்மா. வேல சரியில்ல."

"அது தெரியும். செண்பகம் கைய நான் பாத்தேன்." மேரி பையைக் கீழே வைத்தாள். "நான் கேக்கறது வேற. ஒக்கார வெச்சி சொன்னியா, நிக்க வெச்சி சொன்னியா?"

ஜோஷ்வா துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரியவில்லை.

"ரெண்டு பேரும் தண்ணியில நின்னுகினு இருந்தோம்மா. வெள்ளத்தன்னிக்கி. இடுப்பளவுத் தண்ணி."

மேரி அதை மனசுக்குள் பார்த்தாள். எந்த இடம் என்று கேட்கவில்லை. பையைத் திறந்து, பழவேற்காட்டிலிருந்து வந்த இறாலைத் தட்டில் கொட்டி, உள்ளே பார்த்து மருமகளுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஜெனிபர், அருவாமனை எடு. நீ போய் ஒரு தேங்கா வாங்கியா ஜோஷ்வா. நல்லதா பாத்து."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.